ராணுவத்தில் இருக்கும் கல்யாணமாகாத தம்பி சரியாகப் பேசுவதில்லை. வீட்டிலிருந்து நாங்கள் என்ன செய்யலாம்?

எனக்குத் திருப்பாலைக்குடிப் பக்கம். 17 வருடம் பட்டாளத்தில் இருந்து ஹவில்தாராக ஊர் திரும்பினேன். தம்பி லீவு முடிந்து போனதிலிருந்து போனில் "ம்", "சரி" தவிர எதுவும் பேசுவதில்லை, பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பயந்தது நியாயம்தான். அப்படியே விட்டுவிடாதீர்கள்.

குவார்ட்டர்ஸில் குடும்பத்தோடு இருப்பவனின் முகம் வாடினால் மனைவி கண்டுபிடித்துவிடுவாள். வீரர்கள் சேர்ந்து தங்கும் பேரக்கில் அந்தக் கண் கிடையாது. என் செக்‌ஷனில் நம் கடற்கரைப் பையன் ஒருவன் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அடுத்தவனின் சென்ட்ரி (காவல்) டூட்டியையும் கேட்டு வாங்கிக்கொள்வான். பொறுப்பான பையன் என்று நாங்களே மெச்சிக்கொண்டோம். ஒருநாள் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து பார்த்தால், கொசுவலையைக்கூட இறக்காமல் கட்டிலில் உட்கார்ந்து, அணைந்துபோன போனையே பார்த்துக்கொண்டிருக்கிறான். தூக்கம் வராமல்தான் டூட்டி கேட்டிருக்கிறான். விசாரித்தால், ஊரிலிருந்து வரும் போன் எல்லாமே வட்டி, அக்கா கல்யாணக் கடன், வேலித் தகராறு. "உனக்கென்ன பொண்டாட்டியா பிள்ளையா, பணம் அனுப்பு" என்ற பேச்சு வேறு.

யூனிட் டாக்டரிடம் நானே கூட்டிப்போனேன். கொஞ்ச நாள் ஆயுத டூட்டி இல்லாமல் வைத்து சிகிச்சை கொடுத்தார்கள். அவன் அண்ணனிடமும் பேசினேன். அப்புறம் அவர் போன் செய்தால் நண்டு வலையில் என்ன பட்டது, வாடைக்காற்று எப்படி, இதுதான் பேச்சு. பையன் பழையபடி பதிலுக்குக் கேள்வி கேட்க ஆரம்பிக்க இரண்டு மாதம் ஆனது.

நீங்களும் அவனோடு தங்கும் நண்பன் ஒருவனின் நம்பரை வாங்கி வையுங்கள். இடத் தகராறு இருந்தால் அவன் தலையில் ஏற்றாமல், ராமநாதபுரம் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனு கொடுங்கள். பணியில் இருப்பவர் குடும்பமும் அங்கே போகலாம். அவனுடைய கமாண்டிங் ஆபீசரும் கலெக்டருக்கு எழுதுவார்.

டாக்டரிடம் போனால் வேலை போய்விடும் என்று பையன்கள் பயப்படுவார்கள். ராணுவ மருத்துவத் தகுதியை 'ஷேப்' என்று ஐந்து எழுத்தில் குறிப்பார்கள். முதல் எழுத்தான 'எஸ்' மனநலத்துக்குத்தான். தகுதியைத் தற்காலிகமாகக் குறைத்தாலும், குணமானதும் மறுபரிசோதனை செய்து உயர்த்துவார்கள். இதை அவனிடம் சொல்லுங்கள்.

"இருந்து என்ன பிரயோஜனம்" என்ற மாதிரி பேசினாலோ, ஆசையாய் வைத்திருந்த சாமான்களை மற்றவர்களுக்குக் கொடுத்தாலோ, சுற்றி வளைக்காமல் "சாகணும்னு தோணுதா தம்பி?" என்றே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் போனை வைக்கவிடாதீர்கள். இன்னொருவர் அதே நேரத்தில் அந்த நண்பனைக் கூப்பிட்டு, மேலதிகாரியான சுபேதாரிடம் சொல்லச் சொல்லட்டும். துப்பாக்கி அவன் கைக்குப் போகக் கூடாது, அதுதான் முதல் வேலை.

அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸில் 24 மணி நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். 2023 டிசம்பரில் புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் படையினருக்கென்றே தனிப் பிரிவும் தொடங்கியிருக்கிறார்கள். குடும்பத்தாரும் கூப்பிடலாம்.

இன்று இரவே பேசுங்கள். பணப் பேச்சை எடுக்காமல், முதலில் நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினான் என்று கேளுங்கள்.