பால் பொங்குவது இருக்கட்டும், அந்தக் குளிர் நடுக்கம் எப்போதிலிருந்து?

கேள்வி: பிரசவமாகி 40 நாள். பால் அளவுக்கு மீறிச் சுரக்கிறது. வாய் வைத்ததுமே குழந்தைக்குப் புரையேறுகிறது, மலம் பச்சையாகப் போகிறது. என் பால் ஒத்துக்கொள்ளவில்லையா? ஒவ்வொரு முறையும் பம்ப் வைத்து ஒட்ட எடுத்துவிடுகிறேன், ஃப்ரீசரில் இடமில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுக்கலாமா? பால் வற்ற மாத்திரை உண்டா? வலது மார்பில் ஓரிடம் சிவந்து கல்லாக இருக்கிறது. நேற்று ராத்திரி குளிர் நடுக்கம். வீட்டுக்காரர் மெடிக்கலில் நாலு கேப்ஸ்யூல் வாங்கித் தந்தார், தக்காளி மண்டி வேலை முடிந்ததும் டாக்டரிடம் போகலாம் என்கிறார்.
— வாசகி, பாலக்கோடு

பதில்: கடைசியில் எழுதியதை முதலில் எழுதியிருக்க வேண்டும் அம்மா.

பால் கட்டினால் மார்பு கனக்கும், வலிக்கும்; குழந்தை குடித்ததும் இளகிவிடும். உங்களுக்கு இருப்பது அதுவல்ல. ஓரிடம் மட்டும் சிவந்து, கல்லாகி, கூடவே குளிர் நடுக்கமும் வந்தால் மார்பில் தொற்று என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். பாலக்கோடு அரசு மருத்துவமனையோ, தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, எது பக்கமோ அங்கே இன்றைக்கே போங்கள். தக்காளி லோடு நாளைக்கும் போகும்.

அந்த நாலு கேப்ஸ்யூல்தான் எனக்கு எரிச்சல். இந்தத் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணம் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமி. கடையில் பழக்கத்தில் எடுத்துத் தரும் வெறும் அமாக்சிசிலினுக்கு அது பெரும்பாலும் அசைந்து கொடுக்காது. சரியான மருந்தே ஆனாலும் 10 நாளாவது தொடர வேண்டும். அரைகுறையாக விட்டால் காய்ச்சல் அடங்கின மாதிரி இருக்கும், உள்ளே சீழ் கோத்துக்கொள்ளும். இப்படி ஒரு வாரம் கடத்திவிட்டு வந்த பெண்ணின் மார்பில், வீக்கத்தின் இரண்டு பக்கமும் விரல் வைத்துப் பார்த்தேன். எலுமிச்சை அளவுக் கட்டி தண்ணீர்ப் பை போலத் தளும்பியது. ஸ்கேன் பார்த்து ஊசி போட்டுச் சீழை உறிஞ்ச வேண்டியதாயிற்று.

அந்தப் பக்கத்துப் பாலையும் குழந்தைக்குக் கொடுங்கள், அதனால் கெடுதல் இல்லை. எண்ணெய் போட்டு அழுத்தி உருவிவிடும் வேலை மட்டும் வேண்டாம், மாமியாரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். வீக்கம் கூடும். துணியில் சுற்றிய ஐஸ் போதும். ஓசூர் முட்டைக்கோஸ் இலையைக் குளிரவைத்து ஒத்தினாலும் சுகமாக இருக்கும், ஆனால் அது தொற்றுக்கு மருந்தில்லை.

இனி பால். உங்கள் பால் நல்ல பால்தான். முன்பால், அதாவது குடிக்க ஆரம்பித்ததும் முதலில் வரும் நீர்த்த பால், நிறைய, வேகமாக உள்ளே போவதால் பச்சை மலம். எடை ஏறுகிறதென்றால் கவலையை விடுங்கள். புரையேறுவதற்கு, பின்னால் சாய்ந்து உட்கார்ந்து குழந்தையை உங்கள்மேல் கிடத்திக் கொடுங்கள். முதலில் பீறிடுவதை ஒரு துணியில் விட்டுவிடுங்கள்.

பெருக்கத்துக்கு முக்கியக் காரணம் உங்கள் பம்ப். கறக்கக் கறக்கச் சுரக்கும் என்று மாடு வைத்திருக்கும் வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்களே! எந்த வீடியோவைப் பார்த்து ஒவ்வொரு முறையும் ஒட்டக் கறந்தீர்களோ தெரியாது. பம்பைச் சட்டென்று நிறுத்தாதீர்கள், இப்போது அது ஆபத்து. கனம் குறையும் அளவுக்கு மட்டும் எடுத்து, நாளுக்கு நாள் குறைத்து வாருங்கள். உடம்பு சில வாரங்களில் கணக்குக்கு வந்துவிடும். பால் வற்றும் மாத்திரைப் பேச்சே வேண்டாம். அதில் ஒன்றான புரோமோகிரிப்டின், பிரசவமான பெண்களில் சிலருக்கு ரத்த அழுத்தத்தை ஏற்றி வலிப்பு, பக்கவாதம் வரை கொண்டுபோயிருக்கிறது.

பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு நேராகக் கொடுக்காதீர்கள். உங்களுக்கே தெரியாத கிருமி பால் வழியாகப் போகலாம். தாய்ப்பால் வங்கியில் தருபவரின் ரத்தத்தில் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமியெல்லாம் சோதித்து, பாலை 62.5 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் சூடாக்கித்தான் குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். தமிழக அரசு மருத்துவமனைகளில் 2014 முதல் இது நடக்கிறது. தருமபுரிக்குப் போனால் பச்சிளங்குழந்தைப் பிரிவில் எங்கே கொடுக்கலாம் என்று கேளுங்கள். காய்ச்சல் தீர்ந்து, மருந்தும் முடிந்த பிறகு. தானத்துக்கென்று கூடுதலாகக் கறந்தால் மறுபடி பால் பெருக்கத்திலேயே வந்து நிற்பீர்கள். வேண்டாத பாலைச் செடிக்கு ஊற்றுவதா, கால்படாத இடத்தில் ஊற்றுவதா என்பதை மாமியார் சொல்படியே செய்துகொள்ளுங்கள், அதில் எனக்கு வழக்கில்லை.

கிளம்பும்போது அந்தக் கேப்ஸ்யூல் அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். எது, எத்தனை உள்ளே போயிருக்கிறது என்று அங்கே முதலில் கேட்பார்கள்.