எந்த அலாதீன் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்

கேள்வி: நான் உப்புவெளியில் இருக்கிறேன். சின்ன வயதில் மாமா வீட்டில் விளையாடிய அலாதீன் கேமை என் மகளுக்குக் காட்ட ஆசை. வாள் வீசுவது, ஆப்பிள் எறிவது எல்லாம் படம் பார்ப்பது போலவே இருக்கும். திருகோணமலை டவுன் கடை ஒன்றில் ‘அலாதீன் உட்பட 620 கேம்’ என்று பெட்டியில் போட்ட ரீவி கேம் 6,500 ரூபாய் சொல்கிறார்கள். கனடாவில் இருக்கும் தங்கையோ, அங்கே பழைய சேகா ஜெனிசிஸ் கேம் கருவியும் அலாதீன் கேசட்டும் வாங்கி ஓகஸ்டில் வரும்போது கொண்டு வருகிறேன் என்கிறாள். எதை வாங்கலாம்?

பதில்: வாள் என்று சொன்னீர்களே, அதை வைத்தே நீங்கள் விளையாடியது எது என்று பிடித்துவிடலாம். 1992இல் வந்த டிஸ்னி படத்தை வைத்து 1993இல் ஒரே பெயரில் இரண்டு வேறு கேம்கள் வந்தன. சேகா மெகா டிரைவ் என்ற கருவிக்கு வந்தது வர்ஜின் நிறுவனம் செய்தது. சூப்பர் நின்டெண்டோ கருவிக்கு வந்தது ஜப்பானின் கேப்காம் நிறுவனம் செய்தது. கேப்காம் அலாதீனிடம் வாள் கிடையாது. எதிரியின் தலையில் குதிப்பான், ஆப்பிள் எறிவான். உங்கள் நினைவில் இருப்பது சேகாவுடையதுதான். அதற்கு டிஸ்னியின் ஓவியர்களே அசைவுகளைக் கையால் வரைந்து கொடுத்தார்கள். படம் பார்ப்பது போல இருந்தது அதனால்தான். மெகா டிரைவைத்தான் வட அமெரிக்காவில் ஜெனிசிஸ் என்று விற்றார்கள், ஆகவே தங்கை சொல்வதும் அதே கேம்தான்.

கடைப் பெட்டிக்கு வருவோம். இப்படி நூற்றுக்கணக்கான கேம் போட்டு வரும் மலிவுக் கருவிகள் பலவற்றில் இருப்பது எட்டு பிட் கேம்கள், அதாவது மெகா டிரைவுக்கு முந்திய தலைமுறையின் எளிய கேம்கள். அலாதீனுக்கும் அனுமதியில்லாமல் செய்த எட்டு பிட் நகல்கள் உண்டு. பெட்டியில் இருக்கும் படம் ஒன்று, உள்ளே ஓடுவது இன்னொன்று. ஆகவே கடையிலேயே ரீவியில் போட்டுக் காட்டச் சொல்லி, முதல் கட்டத்தை நீங்களே விளையாடிப் பாருங்கள். நிறம் குறைந்து, அசைவு வெட்டி வெட்டி வந்தால் அந்த 6,500 ரூபாயைக் கொடுக்காதீர்கள். மகளுக்கு நீங்கள் காட்ட நினைப்பது அதுவல்ல.

தங்கை கொண்டு வரட்டும், என் ஓட்டு அதற்கே. ஆனால் கரன்ட் விஷயத்தில் மிகக் கவனம். கனடாவில் 120 வோல்ட், இங்கே 230. பிளக்கின் வடிவத்தை மாற்றும் சின்ன அடாப்டர் வோல்டேஜைக் குறைக்காது. உறவினர் ஒருவர் அனுப்பிய கருவியை நான் அப்படிச் செருகி, அதன் பவர் அடாப்டரை ஒரே நிமிடத்தில் கருக்கிவிட்டேன். அந்த மணம் இன்னும் மறக்கவில்லை. ஒன்றில் 230ஐ 120 ஆக்கும் டிரான்ஸ்ஃபோமர் வாங்குங்கள், இல்லாவிட்டால் கருவியின் அடியில் எழுதியிருக்கும் அளவைக் காட்டி இங்கேயே பொருத்தமான அடாப்டர் எடுங்கள். இரண்டாவது வழியில் போனால் ஒன்றைப் பாருங்கள்: ஜெனிசிஸின் முதல் மாடலில் அடாப்டர் முனையின் நடுவே நெகடிவ், இரண்டாவது மாடலில் நடுவே பொசிடிவ். மாற்றிப் போட்டால் கருவி போய்விடும்.

தங்கையிடம் படத்தையும் ஒலியையும் ரீவிக்குக் கொண்டுபோகும் ஏவி வயரும் கட்டாயம் கொண்டு வரச் சொல்லுங்கள். ஏரியல் வயர் மட்டும் வந்தால் நம் ரீவியில் படம் வருவது சந்தேகம். உங்கள் ரீவியின் பின்பக்கத்தில் அந்த ஏவி வயரைச் செருகும் மஞ்சள் துவாரம் இருக்கிறதா என்றும் இப்போதே பாருங்கள், புது ரீவிகள் சிலவற்றில் அது இல்லை. கேசட் பழசு என்று பயப்பட வேண்டாம். இந்தக் கேமில் சேமிக்கும் வசதி கிடையாது, எனவே உள்ளே செத்துப்போக பேட்டரியும் இல்லை.

வீட்டில் பிளேஸ்டேஷன் 4 அல்லது நின்டெண்டோ சுவிட்ச் இருந்தால் இந்தச் சிரமம் எதுவும் தேவையில்லை. சேகா அலாதீனையும் ‘லயன் கிங்’ கேமையும் சேர்த்து 2019இல் ஒரே தொகுப்பாக வெளியிட்டார்கள். விழுந்துவிட்டால் பின்னோக்கி ஓட்டி மறுபடி ஆடலாம். குழந்தைக்கு அது பெரிய உதவி, இந்தக் கேம்கள் லேசானவை அல்ல.

கடையில்தான் வாங்குவதென்றால் பற்றுச்சீட்டு கேளுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, கேட்டால் வியாபாரி கொடுத்தே ஆக வேண்டும். ‘சேகா அலாதீன் உண்டு’ என்று அதில் எழுதி வாங்குங்கள். ஏமாற்றம் என்றால் வாங்கிய மூன்று மாதத்துக்குள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிட வேண்டும். விவரம் கேட்க 1977 என்ற தொலைபேசி எண்ணை அழையுங்கள்.

கேள்வி: பழைய கேசட் போட்டால் திரை கறுப்பாகவே இருக்கிறது. ஊதிப் பார்த்தும் சரிவரவில்லை. கேசட் போய்விட்டதா? (கிண்ணியா வாசகர்)

பதில்: ஊதாதீர்கள், வாயின் ஈரம் கேசட்டின் அடியில் இருக்கும் தகட்டை இன்னும் கெடுக்கும். நம் பக்கத்து உப்புக் காற்றில் செப்புத் தகட்டில் பாசி போலப் படிவது வழக்கம். காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் அல்ககோல் தொட்டு, கறுப்பு வருவது நிற்கும்வரை துடையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் வேறொரு கேசட்டைப் போட்டுப் பாருங்கள், பழுது கருவியில் இருக்கலாம்.