கரையில் மீன் வாங்குகிறவருக்கும் பதிவு வேண்டும்

மீன் தொழில்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, நானும் என் வீட்டுக்காரரும் ரொம்ப வருஷமாகக் கரையில் நண்டும் கணவாயும் ஏலத்தில் எடுத்து ஒரு கம்பெனிக்குப் போட்டு வருகிறோம். “எங்களிடம் லைசென்ஸ் இருக்கிறது, உங்களுக்கு எதற்கு?” என்று கம்பெனி ஏஜென்ட் சொல்கிறார். இப்போது வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு, மீனை வெட்டிச் சுத்தம் செய்து மதுரைக் கடைகளுக்கு அனுப்பலாம் என்று இருக்கிறோம். என்னென்ன உரிமம் எடுக்க வேண்டும்?
வாசகி, வேம்பார்

பதில்: தங்கச்சி, ஷெட் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். ஏஜென்ட் சொன்னது தப்பு, அதை முதலில் பேசிவிடுவோம்.

2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் கடலுக்குப் போய் மீன் பிடித்து வரும் மீனவரை விட்டுவிடுகிறது. அந்தச் சட்டத்தின் 18-வது பிரிவே அப்படித்தான் சொல்கிறது. படகிலிருந்து இறங்கிய மீன் மீனவர் கையில் இருக்கும்வரை உணவுப் பாதுகாப்பு அலுவலர் அவரிடம் உரிமம் கேட்க முடியாது. ஆனால் ஏலம் முடிந்து கூடை உங்கள் பக்கம் நகர்ந்ததுமே நீங்கள் உணவு வணிகர் ஆகிவிடுகிறீர்கள். வெட்டவில்லை, உறைய வைக்கவில்லை, ஐஸ் போட்டு அப்படியே கம்பெனிக்குக் கொடுத்தேன் என்றாலும் இதில் மாற்றமில்லை. வாங்கி விற்பதும் உணவு வணிகம்தான், அதற்கும் பதிவு வேண்டும்.

கம்பெனியின் உரிமம் கம்பெனியின் கட்டடத்துக்கும் அங்கே நடக்கிற வேலைக்கும் கொடுத்தது. அது உங்கள் கூடைக்குச் செல்லாது. இன்னொன்றும் இருக்கிறது. உரிமம் பெற்ற கம்பெனி, பதிவோ உரிமமோ உள்ளவரிடம் மட்டும்தான் சரக்கு வாங்க வேண்டும், அதற்குக் கணக்கும் வைத்திருக்க வேண்டும் என்பது அந்த உரிமத்தின் நிபந்தனைகளில் ஒன்று. அப்படியிருக்க, உங்களிடம் பதிவு கேட்டு வாங்க வேண்டியவரே அந்த ஏஜென்ட்தான்.

பின்னே ஏன் வேண்டாம் என்கிறார்? நான் ஏற்றுமதி கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்த்தவள். லாட் ரிஜிஸ்டரில், அதாவது வந்திறங்கும் ஒவ்வொரு தொகுதிச் சரக்கையும் எழுதுகிற பதிவேட்டில், சப்ளையர் என்ற கட்டத்தில் ஏஜென்ட் பெயர் மட்டும் இருக்கும். அவருக்குப் பின்னால் கரையில் நின்று ஏலம் எடுத்து, ஐஸ் போட்டு, ஆட்டோவில் ஏற்றி அனுப்பிய பெண்களின் பெயர் எங்கேயும் இருக்காது. எடை குறைந்துவிட்டது, கால் உடைந்த நண்டு அதிகம் என்று சொல்லி விலையைக் குறைக்கும்போது எதிர்த்துக் கேட்க அவர்களிடம் ஒரு சீட்டுகூட இருந்ததில்லை. பணம் நின்றுபோன வீடுகளை எனக்குத் தெரியும். பதிவு எண் இருந்தால் உங்கள் பெயரில் பில் போடலாம். அந்தப் பில்லில் இந்த உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் இருக்க வேண்டும் என்பது 2022 ஜனவரி முதல் நடைமுறை. எடையும் விலையும் தேதியும் எழுதிய பில் கையில் இருந்தால் வங்கியிலும் பேசலாம், ஏஜென்டிடமும் பேசலாம்.

ஃபோஸ்காஸ் என்ற அரசு இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். சிறு வணிகருக்குப் பதிவு, அதற்கு மேலே போனால் மாநில உரிமம், பெரிய அளவுக்கு மத்திய உரிமம் என்று மூன்று படி. 2011 விதிகள் வந்தபோது ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய் வரை பதிவு போதும் என்று வைத்தார்கள். அப்போது அதற்கு ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய். இந்த வரம்புகளை அரசு மாற்றுவதுண்டு. ஆகவே விண்ணப்பிக்கும் அன்று தளத்தில் காட்டுகிற தொகையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். விற்பனை என்றால் உங்கள் கையில் நிற்கிற லாபம் இல்லை, மொத்தமாக விற்ற தொகை. நண்டு விற்கிற விலையில் அந்தத் தொகை சீக்கிரம் ஏறிவிடும், கணக்கைக் குறைத்து எழுதாதீர்கள். கிடைக்கிற எண்ணில் 14 இலக்கம் இருக்கும். முதல் இலக்கம் 1 என்றால் உரிமம், 2 என்றால் பதிவு. அடுத்த இரண்டு இலக்கம் மாநிலம். தமிழ்நாட்டுக்கு 24.

சரி, இப்போது ஷெட். மீனை வெட்டிச் சுத்தம் செய்தால் அது பதப்படுத்தும் வேலை. வாங்கி விற்பதாகச் செய்த பதிவை வைத்து அதைச் செய்யக் கூடாது. வேலையின் வகையை விண்ணப்பத்தில் சேர்க்க வேண்டும். ஷெட் வேறு முகவரியில் இருந்தால் அதற்குத் தனியாக எடுக்க வேண்டும்.

சிமெண்ட் கலப்பதற்கு முன்னால் ஊராட்சி அலுவலகத்துக்குப் போய்வாருங்கள். வேம்பாரில் வீடு கடலுக்குப் பக்கத்தில் என்றால் கட்டடம் கட்டக் கட்டுப்பாடு உள்ள கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வரலாம். மீன் உலர்த்தும் களம், ஏலக்கூடம், ஐஸ் பிளான்ட் போல உள்ளூர் மீனவருக்கு வேண்டிய வசதிகளை அந்த விதி அனுமதிக்கிறது. ஆனால் அனுமதி வாங்கிக் கட்டுவது வேறு, கட்டிவிட்டுக் கேட்பது வேறு. மீன் கழுவிய தண்ணீர் வெளியே போகும் என்பதால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும் விசாரியுங்கள். அங்கே இசைவாணை இரண்டு கட்டம், கட்டுவதற்கு முன் ஒன்று, வேலை தொடங்குவதற்கு முன் ஒன்று.

ஆய்வுக்கு வருகிறவர் சுவரின் வண்ணத்தை விடத் தரையைத்தான் அதிகம் பார்ப்பார். நீங்களே ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் கொட்டிப் பாருங்கள். வெட்டிய மீனைப் பெட்டியில் அடுக்குகிற பக்கத்திலிருந்து, பச்சை மீன் வந்து இறங்குகிற பக்கம் நோக்கித் தண்ணீர் ஓட வேண்டும். நிறைய ஷெட்டில் இது தலைகீழாக இருக்கிறது. குடலும் செதிலும் கலந்த தண்ணீர் பேக்கிங் மேசைக்கு அடியில் வந்து தேங்கும், அங்கேதான் ஈ மொய்க்கும். வாட்டத்தைக் கொத்தனாரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் செலவு இல்லை, பின்னால் உடைத்துப் போடுவதுதான் செலவு. அப்புறம் தண்ணீர். கடலோர போர் தண்ணீர் பெரும்பாலும் உப்பு. குடிக்கத் தகுந்தது என்று ஆய்வகச் சான்று கேட்பார்கள், ஆகவே தண்ணீருக்கு வழி செய்துவிட்டு ஷெட்டைப் பற்றி யோசியுங்கள். ஐஸும் குடிநீரில் செய்ததாக இருக்க வேண்டும். ஐஸ் வாங்குகிற இடத்தில் பில் கேளுங்கள்.

வெட்டுவதற்கு வைக்கிற பெண்களின் கையையும் நினைத்துக்கொள்ளுங்கள். கம்பெனிகளில் கை முக்குகிற தண்ணீரில் 20 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் 20 பங்கு, குளோரின் வைப்பது வழக்கம். அதிகம் போட்டால் நல்லது என்று அளக்காமல் கொட்டுகிற இடங்களில் விரல் இடுக்கு வெடித்து ரத்தம் வரும். காயம் பட்ட கை மீனில் படக் கூடாது என்று விதி இருக்கிறது, அந்தக் காயத்தை நாமே உண்டாக்குவது என்ன நியாயம்? குளோரின் அளக்கும் தாள் விலை குறைவு, வாங்கி வையுங்கள். கையுறையும் கொடுங்கள்.

எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்க வேண்டும், அதை மறக்காதீர்கள். பச்சை மீனுக்கு ஜிஎஸ்டி இல்லை.

கேள்வி: வீட்டில் நெத்திலி, சாளை கருவாடு போட்டு வாட்ஸ்அப் மூலம் விற்கிறேன். பாக்கெட்டில் என்ன அச்சடிக்க வேண்டும்? வீட்டு முகவரிக்குப் பதிவு கிடைக்குமா?
வாசகி, நாகப்பட்டினம்

பதில்: கிடைக்கும். வாட்ஸ்அப்பில் விற்றாலும் பதிவு வேண்டும். நாளைக்குப் பெரிய ஆன்லைன் கடைகளில் போட நினைத்தால் அந்த எண் இல்லாமல் சேர்த்துக்கொள்ளவே மாட்டார்கள்.

பாக்கெட்டில் பொருளின் பெயர், சேர்த்த பொருள்கள் (உப்பையும் எழுதுங்கள்), நிகர எடை, லாட் எண், பேக் செய்த தேதி, எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும், உங்கள் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, புகார் சொல்லத் தொலைபேசி எண், 14 இலக்க எண் எல்லாம் வேண்டும். அசைவக் குறியாகப் பழுப்புக் கட்டத்துக்குள் பழுப்பு முக்கோணம் வர வேண்டும். பழைய வட்டத்தை அச்சடித்துவிடாதீர்கள். மீன் ஒவ்வாமை உள்ளவர்கள் உண்டு என்பதால் ‘மீன் உள்ளது’ என்று தனியாகவும் எழுத வேண்டும்.

அரைகுறையாகக் காய்ந்த கருவாட்டைக் கால் கிலோ என்று கட்டினால் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஈரம் வற்றி எடை குறையும். எடையளவு அலுவலர் பிடித்தால் உங்கள் பெயர்தான் வரும். ஈரம் வற்றாமல் பாக்கெட்டுக்குள்ளேயே நின்றால் பூஞ்சை பிடிக்கும். மணலில் பரப்பாமல் மூங்கில் தட்டியோ வலையோ கட்டி உயரத்தில் காயவையுங்கள். அடியிலும் காற்றுப் போகும், பல்லில் மணலும் கடிபடாது.

கேள்வி: டிப்ளமா முடித்திருக்கிறேன். கணவாய், சூரை மீன் ஏற்றுமதி செய்ய ஆசை. “எம்பிடா லைசென்ஸ் மொத்தமாக வாங்கித் தருகிறேன்” என்று ஒரு தரகர் பெரிய தொகை கேட்கிறார். கொடுக்கலாமா?
வாசகர், குளச்சல்

பதில்: கொடுக்காதீர்கள், தம்பி. அவர் சொல்கிற மாதிரி மொத்தமாக ஒரே லைசென்ஸ் என்று எதுவும் இல்லை. ஒவ்வொன்றும் வேறு அலுவலகம், வேறு காரணம்.

முதலில் ஏற்றுமதி இறக்குமதி எண். வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் தளத்தில் நீங்களே எடுக்கலாம். உங்கள் பான் எண்ணே அந்த எண்ணாக வரும். அடுத்தது எம்பிடா, அதாவது 1972-ம் ஆண்டுச் சட்டப்படி கொச்சியைத் தலைமையிடமாக வைத்து நடக்கிற கடல் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம். அங்கே ஏற்றுமதியாளராகப் பதிவு செய்ய வேண்டும். சொந்தமாகப் பிளான்ட் வைத்திருப்பவர் உற்பத்தி ஏற்றுமதியாளர், பிறர் பிளான்டில் செய்து அனுப்புகிறவர் வணிக ஏற்றுமதியாளர். உங்களுக்கு இப்போதைக்கு இரண்டாவதுதான் சரி. பிளான்ட், குளிர்பதனக் கிடங்கு, உரிக்கும் கூடம், ஐஸ் பிளான்ட் என்று ஒவ்வொன்றுக்கும் எம்பிடாவில் தனித்தனிப் பதிவு உண்டு. அந்தப் பொறுப்பு பிளான்ட்காரருடையது. ஆனால் ஒப்பந்தம் போடும் முன்பு அவருடைய சான்றுகளைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது உங்கள் வேலை.

மூன்றாவது, ஏற்றுமதி ஆய்வுக் கவுன்சில். பிளான்டுக்கு ஒப்புதல் எண் தருவது இவர்கள். இந்தக் கெடுபிடி எங்கிருந்து வந்தது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1997 ஆகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியம் நம் பிளான்டுகளைப் பார்த்துவிட்டு, சுகாதாரம் சரியில்லை என்று இந்திய மீனையே நிறுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவும் ஹாசப் முறையைக் கட்டாயமாக்கியது. கெட்டுப்போன பிறகு சோதிப்பதை விட, எந்த இடத்தில் கெடும் என்று முன்கூட்டியே கண்டு அங்கே காவல் வைப்பதுதான் அந்த முறை. உங்கள் சூரையையே எடுத்துக்கொள்ளுங்கள். பிடித்த பிறகு வெயிலில் கிடந்தால் அதன் சதையில் ஹிஸ்டமின் என்ற நச்சுப் பொருள் உண்டாகும். சமைத்தாலும் போகாது, உறைய வைத்தாலும் போகாது. படகிலேயே ஐஸ் போட்டதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பிளான்டில் எவ்வளவு பெரிய மெஷின் இருந்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது. ஆகவே எந்தப் படகில் வாங்கினீர்கள், எத்தனை மணிக்கு வாங்கினீர்கள், மீனின் உள்வெப்பம் எவ்வளவு இருந்தது என்று கரையிலேயே எழுதிப் பழகுங்கள்.

ஐரோப்பாவுக்கு அனுப்பினால் 2010 முதல் பிடிப்புச் சான்றிதழும் வேண்டும். எந்தப் படகு பிடித்தது என்பது அதில் இருக்கும். எம்பிடா சரிபார்த்துக் கொடுக்கும். பதிவில்லாத படகின் மீனை மலிவாகக் கிடைக்கிறது என்று எடுத்தால் இங்கேதான் சிக்குவீர்கள்.

இவை தவிர உணவுப் பாதுகாப்பு உரிமமும் வேண்டும். குளச்சலில் இருந்துகொண்டு கேரளத் துறைமுகங்களிலும் வாங்குவீர்கள் என்றால், அங்கே மீன் ஏலத்துக்கு 2021-ல் தனிச் சட்டமே வந்துவிட்டது. ஏலக் கமிஷன் 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது அதில் ஒன்று. தெரியாதவரிடம் அதிகம் பிடிப்பார்கள், கேட்டு வாங்குங்கள்.

எந்தக் கட்டணமும் அரசுத் தளத்தில் உங்கள் பெயரில் கட்டி, ரசீது எடுத்து வையுங்கள். படிவம் நிரப்பத் தெரியவில்லை என்றால் தூத்துக்குடியில் எம்பிடா அலுவலகம் இருக்கிறது, நேரில் போனால் சொல்லித் தருவார்கள். தரகர் தன் மின்னஞ்சலையும் தன் செல்போன் எண்ணையும் போட்டு உங்கள் பெயரில் விண்ணப்பித்தால், நாளைக்குப் புதுப்பிக்க அவரிடமே போய் நிற்க வேண்டிவரும்.

கேள்வி: சிலர் கடல் அட்டை தருகிறோம் என்கிறார்கள். இலங்கையில் பண்ணையே நடக்கிறதாம். நான் மீன் வாங்கும் பதிவு வைத்திருக்கிறேன். இதற்குத் தனி உரிமம் கிடைக்குமா? சிறிய சிங்கி இறாலும் வருகிறது, வாங்கலாமா?
வாசகர், ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: கடல் அட்டைக்கு உரிமம் கிடையாது. 2001-லிருந்து அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடிப்பதும் வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம், 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. இலங்கையில் மன்னார், யாழ்ப்பாணம் பக்கம் அனுமதியோடு பண்ணை நடப்பது உண்மைதான். அந்த அனுமதி அந்த நாட்டுக்கு. இங்கே பிடித்ததை அங்கே கொண்டுபோய் அங்கத்திய சரக்காகக் காட்டுவதற்குத்தான் உங்கள் பக்கத்து ஆள்களைத் தேடுகிறார்கள். மாட்டுகிறவர் கரையில் வாங்கி வைத்தவராகத்தான் இருப்பார். சுறாத் துடுப்பு ஏற்றுமதியும் 2015-லிருந்து தடை. அதற்கும் யாராவது வந்தால் இதே பதில்.

சிங்கி இறாலுக்கு ஏற்றுமதி எடை வரம்பு 2003-லேயே வந்துவிட்டது. வகையைப் பொறுத்து 150 கிராம் முதல் 500 கிராம் வரை. அதற்குக் கீழே உள்ளதைக் கம்பெனி எடுக்காது. கரையில் தராசை வைத்து ஒவ்வொன்றாக நிறுத்து வாங்குங்கள். வயிற்றில் முட்டையோடு வருவதை உயிரோடு கடலில் விடச் சொல்லுங்கள். அப்படி விட்டவருக்கு அடுத்த லாட்டில் கிலோவுக்குப் பத்து ரூபாய் கூட்டிக் கொடுத்துப் பாருங்கள், அடுத்த முறை அவரே பிரித்துக் கொண்டுவருவார்.