நகையை அடகு வைத்து இளவரசி விழா நடத்தலாமா?

கேள்வி: நான் முன்னர் முன்பள்ளி ஆசிரியையாக இருந்தவள். என் மகளின் பிறந்தநாளுக்கு இளவரசி போல உடுத்து, வந்த பிள்ளைகளுக்குக் கிரீடமும் மந்திரக்கோலும் செய்யப் பழக்கினேன். அதைப் பார்த்த அயலவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கும் அப்படி நடத்தித் தரும்படி கேட்கிறார்கள். நகரில் அரைநாளுக்கு 12,000 ரூபாய்க்கு ஒரு மண்டபம் கிடைக்கிறது. மாதம் இரண்டு நிகழ்வுகளை, ஒவ்வொன்றிலும் 20 பிள்ளைகளுடன், பிள்ளைக்கு 2,000 ரூபாய் அறவிட்டு நடத்த எண்ணுகிறேன். பொருளுக்கும் சிற்றுண்டிக்கும் 900 ரூபாய் போக, ஒரு நிகழ்வில் 22,000 ரூபாய் மிஞ்சும். உடைகள், சிம்மாசனம், மேடை அலங்காரம் ஆகியவற்றுக்காக நகைகளை 300,000 ரூபாய்க்கு அடகு வைக்கலாமா? வட்டி மாதத்துக்கு நூற்றுக்கு ஒன்றரை ரூபாய். மச்சாளும் பங்குக்கு வர ஆசைப்படுகிறார், சேர்த்துக்கொள்ளலாமா?
– வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, நகைகளை அடகு வைக்க வேண்டாம். உங்கள் திறமையிலோ இந்தத் தொழிலிலோ எனக்கு ஐயம் இல்லை. முன்பள்ளியில் பிள்ளைகளோடு பழகிய அனுபவமும், கேட்டு வரும் அயலவர்களும் இருப்பது நல்ல தொடக்கம். ஆனால் நீங்கள் எழுதியுள்ள 22,000 ரூபாய் இலாபம் அல்ல. மண்டபமும் ஆட்கூலியும் அந்தக் கணக்குக்குள் இன்னும் வரவில்லை.

மண்டபம் 12,000 ரூபாய். இருபது சிறுவர்களைத் தனியாகப் பார்க்க முடியாது என்பதால் இரண்டு உதவியாளர்களுக்குத் தலா 2,500 ரூபாய். முச்சக்கரவண்டிக்கும் விளம்பரத்துக்கும் குறைந்தது 3,000 ரூபாய். பிள்ளைகள் வந்தாலும் வராவிட்டாலும் இந்த 20,000 ரூபாயும் போய்விடும். ஒரு பிள்ளையால் உங்களுக்கு மிஞ்சுவது 1,100 ரூபாய் என்பதால், நட்டம் இல்லாமல் முடிக்கவே 19 பிள்ளைகள் வர வேண்டும். இருபது பேரும் வந்தால் மிச்சம் 2,000 ரூபாய். மழையினாலோ காய்ச்சலினாலோ பன்னிரண்டு பேர் மட்டும் வந்தால் 6,800 ரூபாய் நட்டம். இதில் உங்கள் உழைப்புக்கு ஒரு சதமும் சேர்க்கப்படவில்லை. 300,000 ரூபாய்க்கு நீங்கள் சொன்ன வட்டி மாதம் 4,500 ரூபாய் ஆகிறது. அதாவது, மாதத்தின் இரண்டு நிகழ்வுகளும் நிறைந்த மண்டபத்தில் நடந்தாலும் வட்டி கட்ட 500 ரூபாய் குறையும். முதல் அப்படியே நிற்கும், நகை மீளாது.

மண்டபத்தை விட்டுவிட்டு, கேட்பவர்களின் வீடுகளுக்கே சென்று நடத்துங்கள். பிறந்தநாள் வீட்டில் இடமும் இருக்கைகளும் அவர்களுடையவை. கேக்கும் பட்டிசும் எப்படியும் அங்கே இருக்கும். ஆகையால் சிற்றுண்டிச் செலவான 350 ரூபாயைக் கழித்து, பிள்ளைக்கு 1,650 ரூபாய் கேளுங்கள். கைப்பணிப் பொருளுக்கு 550 ரூபாய் போக அதே 1,100 ரூபாய் மிஞ்சும். ஒரு உதவியாளருக்கு 2,500 ரூபாயும் போக்குவரத்துக்கு 1,500 ரூபாயும் கொடுத்தாலும், பன்னிரண்டு பிள்ளைகள் உள்ள ஒரு வீட்டில் 9,200 ரூபாய் உங்கள் கையில் நிற்கும். குறைந்தது பத்துப் பிள்ளைகளுக்கான தொகையைத் தர வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாதியை முன்பணமாக வாங்கிய பின்னரே பொருள் வாங்குங்கள். உறவுக்காரர், அயலவர் என்று இதில் தயங்க வேண்டாம். தெரிந்தவர்களிடம் நிபந்தனையைத் தெளிவாகச் சொல்லிவிட்டால்தான் பின்னர் மனக்கசப்பு வராது.

அந்த 550 ரூபாயைக் காப்பாற்றுவதும் ஒரு வேலை. ஒட்டுக் கற்களையும் மினுக்குத் தாளையும் மேசை நடுவே குவித்து வைத்தால், நான்கு வயதுப் பிள்ளை ஒரே கிரீடத்தில் மூன்று பிள்ளைகளுக்குரிய கற்களை ஒட்டிவிடும். முதல் நாள் இரவே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பொதி கட்டுங்கள்: தலையளவுக்கு வெட்டிய பிறிஸ்டல் அட்டைப் பட்டி ஒன்று, நட்சத்திரங்கள் மூன்று, ஒட்டுக் கற்கள் பன்னிரண்டு, ஒரு யார் ரிபன், மந்திரக்கோலுக்கு ஒரு குச்சி. பொதியின் மேல் பிள்ளையின் பெயரை எழுதிவிட்டால் சண்டையும் வராது, கணக்கும் பிசகாது. அட்டை, ரிபன் போன்றவற்றைக் கொழும்பு புறக்கோட்டையில் மொத்தமாக வாங்குவது மலிவுதான். ஆனால் நான்கைந்து நிகழ்வுகளுக்கு முன்பணம் வந்த பிறகு போனால்தான் பயணச் செலவு கட்டும்.

உடைகளுக்கென்று பணத்தை முடக்காதீர்கள். பிள்ளைகளின் அளவுகள் பலவாக இருக்கும், ஒவ்வொரு முறையும் துவைக்க வேண்டும், பசை பட்டால் அந்த உடை போனது போனதுதான். நீங்கள் உடுக்க ஒரு நல்ல உடையைத் தைப்பித்துக்கொண்டால் போதும். பிள்ளை தானே செய்த கிரீடத்தை அணிந்து வீட்டுக்குப் போவதற்காகத்தான் பெற்றோர் பணம் தருகிறார்கள்.

பிரபலமான கார்ட்டூன் இளவரசிகளின் உருவங்களை அச்சிட்டு விளம்பரம் செய்வதையும் தவிருங்கள். அவை நிறுவனங்களின் உடைமை; இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் படைப்புகளின் பதிப்புரிமையைப் பாதுகாக்கிறது. நமக்கு அந்தப் படங்கள் தேவையும் இல்லை. குழந்தையாகப் பேழையில் வைத்துக் கடலில் விடப்பட்டு இலங்கைக் கரை சேர்ந்ததாகவும், பின்னர் குளக்கோட்டன் என்ற மன்னனை மணந்ததாகவும் நம் ஐதீகம் சொல்லும் ஆடகசவுந்தரி திருகோணமலைக்கே உரிய இளவரசி. அவருடைய பேழையை அட்டையில் செய்து, உள்ளே ஒரு சிறு பொம்மையை வைத்து வர்ணம் தீட்டச் சொல்லுங்கள். வேறு ஊரில் கிடைக்காத இந்த நிகழ்வுக்குச் சற்றுக் கூடுதலான கட்டணமும் கேட்கலாம்.

ஆண்டு முழுவதும் ஒரே வரவு இராது. ஏப்ரல், ஓகஸ்ட் பள்ளி விடுமுறைகள் உங்களுக்கு நல்ல காலம். உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களுக்குக் குடும்பங்களாகச் சுற்றுலாப் பயணிகள் வருவதும் ஏறத்தாழ ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரைதான். ஹோட்டல்களிடம் தலைக்கணக்கில் பேசாமல், ஒரு காலை நிகழ்வுக்கு இவ்வளவு என்று நிலையான தொகை பேசுங்கள். ஒக்டோபருக்குப் பின் வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் முற்றத்து நிகழ்வுகள் நின்றுவிடும். நல்ல மாதங்களின் மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கை அதற்காகத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள்.

ஒரு பெயர் வைத்துத் தொழில் செய்வதானால் உங்கள் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவு செய்யுங்கள். ஹோட்டல்கள் பெரும்பாலும் அதைக் கேட்கும். வருமான வரி குறித்து இப்போது கவலை வேண்டாம். 2025 ஏப்ரல் 1 முதல் தனிநபர் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,800,000 ரூபாய் வரை விடுவிப்பு உண்டு. கணவரின் வருமானம் உங்களுடையதோடு கூட்டப்படாது. ஆனாலும் வரவு செலவை முதல் நாளிலிருந்தே கொப்பியில் எழுதுங்கள்.

மச்சாளை இப்போது பங்காளியாக்க வேண்டாம். பகிர்வதற்கு இலாபம் உருவாகும் முன்னரே பங்கு பேசினால், முதல் நட்டத்திலேயே உறவு கசந்துவிடும். அவரை உதவியாளராக வைத்துக்கொண்டு, அதற்குரிய 2,500 ரூபாயை ஒவ்வொரு நிகழ்வும் முடிந்த அன்றே அவர் கையில் கொடுங்கள். ஒரு ஓகஸ்ட் விடுமுறையும் ஒரு மழைக்காலமும் கடந்த பின்னரும் இருவருக்கும் விருப்பம் இருந்தால், அந்தக் கொப்பியை நடுவில் வைத்துக்கொண்டு பங்கு பற்றிப் பேசி, எழுத்தில் உடன்படுங்கள்.