தாளில் விளங்கும் ஆங்கிலம் காதில் ஏன் நழுவுகிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வன்னியிலிருந்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இம்முறை ஒரே இடத்தையே தொட்டன: வாசித்தால் விளங்குகிறது, கேட்டால் விளங்கவில்லை. ஐந்தைத் தெரிந்தெடுத்திருக்கிறேன்.

சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்கு ஏ எடுத்தேன். இப்போது அறிவியல் நகரில் பொறியியல் பீடத்தில் முதலாம் ஆண்டு. விரிவுரையில் பாதி பிடிபடுவதில்லை. அதே விடயத்தைத் தாளில் தந்தால் முழுவதும் விளங்குகிறது. என்னில் என்ன குறை? (மாணவர், கிளிநொச்சி)

உங்களில் குறையில்லை, தம்பி. அந்த வினாத்தாள் வாசிப்பையும் எழுத்தையும்தான் பார்க்கிறது, காதைச் சோதிப்பதில்லை. பரீட்சையில் வராத ஒன்றை வகுப்பில் பழக்குவோரும் குறைவு.

தாளில் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது. பேச்சில் அது கிடையாது. 'வாட் ஆர் யூ கோயிங் டு டூ' என்று நீங்கள் ஆறு சொற்களாகப் படித்தது, வாயிலிருந்து 'வாட்யகன டூ' என்று ஒரே இழுப்பில் வருகிறது. ஆங்கிலம் கருத்தைச் சுமக்கும் சொற்களை அழுத்திச் சொல்லும். இடையில் நிற்கும் சிறு சொற்களை நசுக்கிவிடும். 'அண்ட்' வெறும் 'ன்' ஆகும், 'ஆஃப்' வெறும் 'அ' ஆகும். ஒவ்வோர் அசைக்கும் உரிய மாத்திரையைக் கொடுத்துப் பழகிய தமிழ்க் காது, எல்லா அசையும் வரும் என்று காத்து நிற்கிறது. நழுவிய ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வாக்கியமும் போய்விடுகிறது.

ஆகவே, மணிக்கணக்காக ஆங்கிலத்தை ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பதால் பெரிய பயனில்லை. கொஞ்சத்தை எடுத்துத் திரும்பத் திரும்பக் கேளுங்கள். பிபிசியின் 'சிக்ஸ் மினிட் இங்கிலிஷ்' நிகழ்ச்சிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பேசுவது ஏறத்தாழ முழுவதும் எழுத்து வடிவிலும் இருக்கிறது. அதில் அரை நிமிடத் துண்டு ஒன்று போதும். முதலில் எழுத்தைப் பார்க்காமல் கேட்டு, எதைப் பற்றிய பேச்சு என்று மட்டும் பிடியுங்கள். பிறகு வரிவரியாக நிறுத்தி, காதில் விழுந்ததைக் கொப்பியில் எழுதுங்கள். விழாத இடத்தில் கோடு போட்டு விடுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம். கடைசியில் எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டு, தவறவிட்டவற்றைச் சிவப்பில் எழுதுங்கள்.

அந்தச் சிவப்புச் சொற்களைப் பார்த்தால் உங்களுக்கே வியப்பாக இருக்கும். நான் பார்த்த கொப்பிகளில் அவை பெரும்பாலும் கடினமான சொற்கள் அல்ல. 'ஹேஸ்', 'தெம்', 'அட்', 'ஆஃப்' என்று சின்ன வகுப்பில் படித்தவை. தெரியாத சொல்லால் அல்ல, தெரிந்த சொல் வேறு உருவில் வருவதால்தான் தவறுகிறது. அகராதியைப் புரட்டி இது தீராது. அந்தத் துண்டை மறுபடி போட்டு, பேசுபவரின் வேகத்திலேயே நீங்களும் சேர்ந்து சொல்லுங்கள். வாய் நசுக்கப் பழகினால் காது அடையாளம் காணும். வேகத்தைக் குறைத்துக் கேட்பது சந்தேகம் தீர்க்க உதவும். ஆனால் கடைசித் தடவை இயல்பான வேகத்தில் கேட்டே முடியுங்கள். நாளுக்குக் கால் மணி நேரம் போதும், விடாமல் செய்தால்.

விரிவுரைக்கு இன்னொன்று. அடுத்த நாள் பாடத்தின் குறிப்பை முதல் நாள் இரவே வாசித்துவிட்டுப் போங்கள். என்ன வரப்போகிறது என்று தெரிந்த காது பாதி வேலையை முன்னரே முடித்துவிடும்.

கணவர் இலண்டனில் இருக்கிறார். விசாவுக்காக ஐஈஎல்டிஎஸ் வகுப்புக்குப் போகிறேன். ஒரே ஒரு முறை போடும் ஒலிப்பதிவைக் கேட்டு 40 கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும் என்கிறார்கள். எனக்கு அழுகை வருகிறது. (வாசகி, புதுக்குடியிருப்பு)

பிள்ளை, அழ வேண்டாம். முதலில் நீங்கள் சரியான பரீட்சைக்குத்தான் படிக்கிறீர்களா என்று பாருங்கள். 40 கேள்வி, நான்கு பகுதி, ஏறத்தாழ 30 நிமிடம் என்பது படிப்புக்கும் வேலைக்கும் போகிறவர்கள் எழுதும் ஐஈஎல்டிஎஸ். பிரித்தானியாவில் இருக்கும் துணையிடம் போவதற்கான முதல் விசாவுக்குப் பொதுவாகக் கேட்பது ஏ1 என்ற ஆரம்பத் தரத்தில் பேசுதலும் கேட்டலும் மட்டுமே. அதற்கென 'லைஃப் ஸ்கில்ஸ்' என்று தனிப் பரீட்சை இருக்கிறது. பரீட்சகர் முன்னால் இன்னொரு பரீட்சார்த்தியுடன் உட்கார்ந்து, வீடு, சாப்பாடு, கடை, போக்குவரத்து போன்றவற்றைப் பற்றிக் கதைப்பதுதான் அதில் பெரும்பகுதி. எழுத்துத் தேர்வு இல்லை. உங்கள் விண்ணப்பத்துக்கு எது வேண்டும் என்று பிரித்தானிய அரசின் இணையத்தளத்தில் கணவரையும் பார்க்கச் சொல்லுங்கள். அதன் பிறகு பணத்தைக் கட்டுங்கள்.

அதுதான் உங்கள் பரீட்சை என்றால், பயிற்சியும் மாறும். தினமும் தொலைபேசியில் கணவருடன் பத்து நிமிடம் ஆங்கிலத்தில் மட்டும் கதையுங்கள். இன்று எத்தனை மணிக்கு எழும்பினார், எந்த பஸ்ஸில் போனார், என்ன வாங்கினார், எவ்வளவுக்கு. விலையையும் நேரத்தையும் கேட்டவுடன் எழுதுங்கள். வெட்கமாக இருக்கும், இருந்தாலும் செய்யுங்கள். இதைவிட நல்ல பயிற்சிப் புத்தகம் எனக்குத் தெரியாது.

கண்ணிவெடி அகற்றும் பணியில் இருக்கிறேன். வெளிநாட்டு அதிகாரி வந்து நேரில் சொல்வது பரவாயில்லை. வோக்கி டோக்கியில் சொன்னால் விளங்காது. எல்லோரும் தலையாட்டுவதால் நானும் ஆட்டுவேன். (வாசகி, முகமாலை)

தயவுசெய்து தலையாட்டாதீர்கள். உங்கள் வேலையில் அது உயிரோடு விளையாடுவது.

நேரில் விளங்கி வோக்கியில் விளங்காததற்குக் காரணம் உண்டு. நேரில் வாயசைவும் கையும் முகமும் உதவுகின்றன. வோக்கியில் அவை இல்லை, ஒலியிலும் ஒரு பகுதி வெட்டுப்படுகிறது. அதனால் கேட்டதைத் திருப்பிச் சொல்வதையே வழக்கமாக்குங்கள். வானூர்தி ஓட்டுநர்களும் கட்டுப்பாட்டு நிலையத்தின் அறிவுறுத்தலைத் திருப்பிச் சொல்லித்தான் உறுதிப்படுத்துகிறார்கள், ஆங்கிலம் தாய்மொழியான ஓட்டுநர்கள் உட்பட. எனவே இதில் குறைவு எதுவுமில்லை.

எண்களில் மிகக் கவனம். 'தர்ட்டீன்', 'தர்ட்டி' இரண்டையும் கடைசி 'ன்' ஒலியை வைத்துப் பிரிக்கப் பார்க்காதீர்கள்; இரைச்சலில் அது கேட்காது. தனியாகச் சொல்லும்போது 13இல் பின்பாதி நீண்டு அழுத்தமாக வரும், 30இல் முன்பாதி அழுத்தமாக வரும். அதிலும் சந்தேகம் என்றால் 'ஒன் திரீ' அல்லது 'திரீ சீரோ' என்று இலக்கம் இலக்கமாகக் கேளுங்கள். 'சொரி' என்று மட்டும் சொன்னால் அவர் எல்லாவற்றையும் அதே வேகத்தில் மறுபடி சொல்வார். 'ஹவ் மெனி மீட்டர்ஸ்?' என்று விடுபட்ட துண்டை மட்டும் கேட்டால் அதற்கு மட்டும் பதில் வரும்.

எங்கள் பாடசாலையில் இணையமும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. கேட்டல் பயிற்சியை எப்படிக் கொடுப்பது? (ஆசிரியை, துணுக்காய்)

உங்கள் குரல் இருக்கிறது, ரீச்சர். ஐந்து வரிக் கதை ஒன்றைப் பேச்சு வேகத்தில் இரண்டு தடவை வாசியுங்கள். பிள்ளைகள் பிடிபட்ட சொற்களை மட்டும் குறிக்கட்டும். பிறகு நாலு பேராகக் கூடி அந்தக் கதையைத் தங்கள் ஆங்கிலத்தில் திரும்பக் கட்டட்டும். சொல்லுக்குச் சொல் ஒத்துப்போக வேண்டாம், 'போகிறானா, போனானா?' என்று அவர்கள் தங்களுக்குள் வாதாடுவதில்தான் காது கூர்மையாகிறது. சொல்வதெழுதலைப் போலச் சொல்சொல்லாக நிறுத்தி வாசித்தால் இந்தப் பயன் கிடைக்காது.

ஆங்கிலச் சொல்லுக்கு மேலே தமிழில் உச்சரிப்பு எழுதும் பழக்கத்தையும் மெல்ல நிறுத்துங்கள். பொதி கட்டுதல், பின்பக்கம், பை ஆகிய மூன்றுக்குமான ஆங்கிலச் சொற்கள் (pack, back, bag) தமிழில் எழுதினால் 'பேக்' என்று ஒன்றாகிவிடுகின்றன. கண் ஒன்றென்று சொன்னதைக் காது மூன்றாகப் பிரிக்காது. கொப்பித் தாளில் ஒரு கீற்றுக் கிழித்து வாய்க்கு முன்னால் பிடித்துச் சொல்லச் சொல்லுங்கள். பொதி கட்டும் சொல்லுக்குத் தாள் துள்ளும், மற்ற இரண்டுக்கும் அவ்வளவாக அசையாது. பைக்குரிய சொல்லில் நடு உயிர் சற்று நீளும். பிள்ளைகள் இதை விளையாட்டாகவே பிடித்துக்கொள்வார்கள்.

34 வயது. 2009இல் பக்கத்தில் ஷெல் விழுந்ததிலிருந்து இடது காதில் இரைச்சல். ஆங்கில வகுப்பில் மற்றவர்களைவிடப் பின்தங்குகிறேன். நான் மொக்கனா? (வாசகர், விசுவமடு)

இல்லை. இந்தக் கேள்வியை இன்னும் பலர் கேட்காமல் மனதில் வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். வெடிச்சத்தம் உட்காதின் நுண்ணிய கலங்களைச் சிதைத்துவிடும். பெரும்பாலும் முதலில் போவது உயர்ந்த சுருதி ஒலிகள். ஆங்கிலத்தின் 'ஸ்', 'ஃப்', 'த்' ஒலிகள் அங்கேதான் இருக்கின்றன. ஆட்கள் கூடிய இடத்தில் தமிழும் உங்களுக்கு நழுவுகிறதா என்று கவனியுங்கள். ஆம் என்றால் ஆங்கிலப் பயிற்சிக்கு முன் வைத்தியசாலையில் கேட்டல் பரிசோதனை செய்யுங்கள். காலம் கடந்துவிட்டது என்று விடாதீர்கள். காதுகேள் கருவி பலருக்கு உதவுகிறது.

வகுப்பில் இடது ஓரமாக முன்வரிசையில் உட்காருங்கள், வலது காது ஆசிரியர் பக்கம் இருக்கும். கேட்காவிட்டால் ஒலியைக் கூட்டாதீர்கள், மிச்சமிருக்கும் காதும் கெடும். கைத்தொலைபேசி அமைப்புகளில் அணுகல் வசதிப் பகுதியில் 'மோனோ ஆடியோ' என்று ஒன்று இருக்கும். அதைப் போட்டுவிட்டால் இரு பக்க ஒலியும் ஒன்றாகி, நல்ல காதுக்கே முழுவதும் வந்து சேரும்.