செம்பு எந்த ஊர்ச் செம்பு? கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

கும்பகோணம் பக்கத்து ஆள், உலோகங்களைச் சோதிக்கும் ஆய்வகத்தில் பல வருடம் குப்பை கொட்டியவன்.

சுவாமிமலையில் காலங்காலமாகச் சிலை வார்க்கிறார்களே, செம்பும் இங்கே எடுத்ததுதானே சார்?

இல்லைங்க. டெல்டாவில் எவ்வளவு தோண்டினாலும் வண்டலும் களியும் மணலும்தான். காவிரி வண்டல் கருக்கட்ட, அதாவது மெழுகு உருவின் மேல் அப்பி அச்சு செய்ய, அருமையான மண், நகக்கீறல்கூட அச்சில் பதியும், ஆனால் செம்பு வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும். சித்ரதுர்கா பக்கம் இங்கல்தால், ஆந்திராவில் அக்னிகுண்டலா, பழைய தென்னாற்காட்டில் மாமண்டூர் என்று தாது உள்ள இடங்கள் எல்லாமே தள்ளித்தான் இருக்கின்றன.

உருக்கி வார்த்த பிறகு எந்தச் சுரங்கம் என்று எப்படித் தெரியும்?

செம்புத் தாதுவில் துளியூண்டு காரீயமும் ஒட்டிக்கொண்டு வரும். அந்தக் காரீயத்தில் 204, 206, 207, 208 என்று நாலு ஐசோடோப்புகள், அதாவது எடை மட்டும் வேறான காரீய அணுக்கள். 206, 207 இரண்டிலும் ஒரு பங்கு யுரேனியம் சிதைந்து வந்தது, 208இல் ஒரு பங்கு தோரியத்திலிருந்து, 204 மட்டும் கூடாமல் அப்படியே இருக்கும். தாது எப்போது உருவானது, அந்தப் பாறையில் யுரேனியமும் தோரியமும் எவ்வளவு என்பதைப் பொறுத்து இவற்றின் விகிதம் இடத்துக்கு இடம் மாறுபடும், உலையில் போட்டாலும் கலையாது. ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த 5,300 வருடத்து மனிதனின் கோடாரி தெற்கு டஸ்கனிச் செம்பு என்று 2017இல் சொன்னது இப்படித்தான்.

அப்போ சோழர் சிலைகளுக்கும் இதே கணக்குதானா?

இங்கேதான் வம்பு. உலோகம் அச்சுக்குள் நன்றாக ஓட வேண்டும் என்று காரீயத்தைத் தனியாகச் சேர்த்தார்கள். அந்த அளவுக்கு முன்னால் செம்போடு வந்த துளி எம்மாத்திரம்? ஆக நமக்குக் கிடைப்பது காரீயச் சுரங்கத்தின் விலாசம், செம்பினுடையது அல்ல. இதைக் கவனிக்காமல் எழுதுகிறவர்கள் நிறையப் பேர். பழைய உலோகங்களை ஆராயும் ஷாரதா ஸ்ரீனிவாசன் 1990களில் தென்னிந்தியச் சிலைகளின் காரீய ஐசோடோப்பு விகிதத்தோடு, துளி அளவில் கலந்திருக்கும் மற்ற தனிமங்களையும் சேர்த்துப் பார்த்தார், சிலைகளைக் காலவாரியாகப் பிரிக்கவே அது உதவியது. அப்புறம், உடைந்த மணி, ஓட்டை விளக்கு எல்லாம் மறுபடி உலைக்குப் போயிருந்தால் பல ஊர்க் காரீயமும் கலந்து எந்தச் சுரங்கத்தோடும் ஒட்டாத ஒரு விகிதம் வரும்.

கொல்லையில் குழி வெட்டும்போது பச்சை பிடித்த செப்புக்காசுகள் கிடைத்தன. புளி போட்டுத் தேய்த்துவிட்டுக் கொண்டுவரட்டுமா?

ஐயோ, வேண்டவே வேண்டாம்! அந்தக் களிம்புக்கும் ஒட்டிய மண்ணுக்கும் சொல்ல வேண்டிய கதை இருக்கிறது. அதற்காகக் களிம்பின் மேலேயே, எந்த உலோகம் எவ்வளவு என்று காட்டும் எக்ஸ்ரே கருவியை வைத்து அளந்தாலும் ஏமாந்துபோவோம். மண்ணில் கிடந்த ஒரு வெண்கல மணியை அப்படி அளந்து வெள்ளீயம் எக்கச்சக்கம் என்று எழுதிக் கொடுத்து அசடு வழிந்தவன் நான். மேலே செம்பு கரைந்துபோயிருந்தது, உள்ளே துளைத்துக் கொஞ்சம் தூள் எடுத்த பிறகுதான் சரியான அளவு வந்தது. முதலில் கலெக்டரிடம் எழுத்தில் சொல்லுங்கள், 1878ஆம் வருடத்துப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.