கதிர்வீச்சால் தண்ணீரில் உண்டாகி உடனே மறையும் ஹைட்ராக்சில் ரேடிக்கலின் வினைவேகத்தை எப்படி அளக்கிறார்கள்?

ரேடிக்கல் என்றால் ஜோடி சேராத எலக்ட்ரானோடு அலைகிற, சட்டென்று வினைபுரியும் துண்டு. நேரடியாக அதைப் பார்த்து அளப்பது அபூர்வம். அது எதைத் தாக்குகிறதோ, அதைப் பார்த்துத்தான் கணக்கு. சென்னையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் எம்.எஸ்சி. மாணவர்களோடு மல்லுக்கட்டுகிறவன் நான். வருடா வருடம் வரும் கேள்வி இது.

காமாக் கதிரோ வேகமான எலக்ட்ரானோ தண்ணீருக்குள் பாய்ந்தால், நீர் மூலக்கூறு ஓர் எலக்ட்ரானை இழக்கிறது. மிஞ்சிய நேர்மின் அயனி ஒரு பிக்கோநொடிகூடத் தாங்காது. பக்கத்து மூலக்கூறிடம் புரோட்டானைத் தள்ளிவிட்டு ஹைட்ராக்சில் ரேடிக்கலாகிவிடும். வெளியேறிய எலக்ட்ரானை நீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்ளும். இந்த நீரேறிய எலக்ட்ரானுக்கு 720 நானோமீட்டர் அருகே பலமான ஒளி உறிஞ்சல் உண்டு. 1962-இலேயே ஹார்ட், போக் இருவரும் அதைப் பதிவு செய்துவிட்டார்கள். ஹைட்ராக்சில் மட்டும் 230 நானோமீட்டர் பக்கம் மங்கலாகத்தான் தெரியும். கரைசலில் பென்சீன் வளையம் உள்ள ஏதாவது இருந்தால் அதன் உறிஞ்சலும் அங்கேயே வந்து மறைத்துவிடும், அதுவும் போச்சு.

சரி, என்ன செய்வார்கள்? முதலில் தண்ணீரில் நைட்ரஸ் ஆக்சைடை நிரப்புவார்கள். அது நீரேறிய எலக்ட்ரானைப் பிடித்து அதையும் ஹைட்ராக்சிலாக மாற்றும். தண்ணீர் ஏற்கும் 100 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்குச் சுமார் 2.7 ஹைட்ராக்சில் என்றிருந்த விளைச்சல் ஏறக்குறைய இரட்டிப்பாகும். (பத்தில் ஒரு பங்கு ஹைட்ரஜன் அணு கூடவே இருக்கும். அதை மறந்துவிட்டு எழுதிய ஆய்வறிக்கைகள் என் மேசைக்கு வருவதுண்டு.)

அப்புறம் பொட்டாசியம் தயோசயனேட். ஹைட்ராக்சில் அதைத் தாக்கினால் 475 நானோமீட்டர் அருகே நன்றாக உறிஞ்சும் ஒரு ரேடிக்கல் அயனி கிடைக்கும். இந்த வினையின் வேக மாறிலி (எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதைச் சொல்லும் எண்) தெரிந்தது: 1.1 × 10¹⁰ லிட்டர்/மோல்/நொடி. இப்போது ஹைட்ராக்சிலோடு எவ்வளவு வேகமாக வினைபுரிகிறது என்று அளக்க வேண்டிய உங்கள் பொருளையும் அதே கரைசலில் சேர்க்கிறீர்கள். ஒரே ஷேர் ஆட்டோவுக்கு இரண்டு பேர் ஓடுகிற கதைதான். இரண்டும் ஒரே செறிவில் இருந்து, 475-இல் உறிஞ்சல் பாதியாகக் குறைந்தால், இரண்டின் வேகமும் சமம். மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தால் உங்கள் பொருள் இரு மடங்கு வேகம். செறிவை மாற்றி மாற்றி எடுத்து நேர்கோடு வரைந்தால் சாய்விலிருந்து மாறிலி வந்துவிடும்.

இதற்கு நானோநொடித் துடிப்பு தரும் எலக்ட்ரான் முடுக்கி வேண்டும். மும்பை டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் 7 மெகா எலக்ட்ரான் வோல்ட் இயந்திரம் இருக்கிறது. அது கிடைக்காவிட்டால் ஹைட்ரஜன் பெராக்சைடு, 254 நானோமீட்டர் புறஊதா விளக்கு, பாரா நைட்ரோசோ டைமெத்தில் அனிலின் என்ற மஞ்சள் சாயம் போதும். 440 நானோமீட்டரில் சாயம் வெளுக்கும் வேகம் உங்கள் பொருளைச் சேர்த்ததும் எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். அந்தப் பொருளே புறஊதாவை விழுங்கினால் மட்டும் இந்த வழி உதவாது.

தயவுசெய்து போர்வெல் தண்ணீரில் செய்யாதீர்கள். லிட்டருக்கு 300 மில்லிகிராம் பைகார்பனேட் இருந்தாலே, அதுவே ஹைட்ராக்சிலைச் சுமார் 25 மைக்ரோநொடியில் தீர்த்துவிடும். பதிலுக்குக் கிடைக்கும் கார்பனேட் ரேடிக்கல் 600 நானோமீட்டர் பக்கம் உறிஞ்சும். அதன் ஆக்சிஜனேற்றும் வலு குறைவு, ஆயுள் அதிகம், ஆளைப் பார்த்துத்தான் தாக்கும். நீங்கள் அளந்தது எந்த ரேடிக்கலை என்றே சொல்ல முடியாமல் போகும்.